லென்ஸ் நீட்டிய தூரம்

நம் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் இது நடந்திருக்கும். கல்யாண மேடையில் இருபது பேர் தோளோடு தோள் இடித்து நிற்கிறோம். எதிரே செல்போனைப் பிடித்திருக்கும் பேரனுக்குப் பின்னால் நகர இடமில்லை. திரையில் எதையோ தொடுகிறான்; அத்தனை பேரும் படத்துக்குள் அடங்கிவிடுகிறோம். மறுநாள் படம் வருகிறது. நடுவில் நிற்பவர்கள் அவரவர் அளவில் இருக்கிறார்கள். ஓரத்தில் நிற்கிற நமக்குத்தான் கன்னமும் தோளும் பக்கவாட்டில் இழுபட்டுக் கிடக்கின்றன. போன மாதம் என் நாத்தனார் அப்படியொரு படத்தைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் சோற்றைக் குறைத்துக்கொண்டார். "உங்க மேல தப்பில்லீங்க, அது அகல லென்ஸ்" என்று சொன்னேன். நான் ஆறுதலுக்குச் சொல்வதாக நினைத்துக்கொண்டார்.

ஆறுதல் இல்லை. நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது, புரட்டாசியிலிருந்து கார்த்திகை வரை, அப்படியொரு லென்ஸ் எங்கள் வீட்டுக்குள் புகுந்து எல்லோரையும் ஆட்டிவைத்தது. அதைத்தான் உங்களிடம் சொல்ல நினைக்கிறேன்.

அப்போது வடவள்ளியில் இருந்தோம். அப்பா ஒரு நூல் மில்லில் பஸ் டிரைவர். காலையில் தொண்டாமுத்தூர்ப் பக்கத்து ஊர்களிலிருந்து வேலைக்கு வரும் பெண்களை ஏற்றிவந்து மில்லில் இறக்குவார். பொழுது சாய்கையில் திரும்பக் கொண்டுபோய் விடுவார். அந்த பஸ்ஸுக்குள் ஏறினால் டீசலும் பஞ்சும் மல்லிகையும் கலந்து ஒரு வாசம் வரும். அதற்குப் பிறகு வேறு எங்கும் அந்த வாசத்தை நான் முகர்ந்ததில்லை. அம்மா வீட்டில் தையல் மெஷின் போட்டிருந்தார். எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு யூனிஃபார்ம் தைத்தது அவர்தான். யாராவது வீட்டுக்கு வந்தால் முகத்தைப் பார்ப்பதற்கு முன் தோளைப் பார்ப்பார்.

புரட்டாசி கடைசியில் பள்ளிக்கூடத்தில் குரூப் போட்டோ எடுத்தார்கள். கடைவீதி ஸ்டுடியோக்காரர் வந்திருந்தார். எண்ணெய் வைத்து வழித்துச் சீவிய தலை, சஃபாரி சட்டை. பள்ளிக்கூடத்து வாசல் குறுகல். ஒரு பக்கம் வகுப்பறைச் சுவர், எதிர்ப்பக்கம் கிணற்று மதில். பின்னால் நகர்ந்து எடுக்க இடமே கிடையாது. வேறு யாராக இருந்தாலும் எங்களை இரண்டு பாதியாகப் பிரித்துத்தான் எடுத்திருப்பார்கள். அவரோ பையிலிருந்து புது லென்ஸ் ஒன்றை எடுத்து, துடைத்து, எங்களுக்கு நேரே நீட்டினார்.

"பாத்துக்கங்க கண்ணு. எம்பட மச்சான் சிங்கப்பூர்ல இருந்து கொண்டாந்தது. மாட்டுக் கண்ணாட்ட இருக்குதா? சாதா லென்ஸ்ல பாதி கிளாஸ்தான் உழும். இதுல அத்தன பேரும் உழுந்துருவீங்க."

உண்மையிலேயே மாட்டின் கண்தான். முன்கண்ணாடி புடைத்துக்கொண்டு, உள்ளே நீலமும் ஊதாவுமாக மின்னியது. எங்கள் வகுப்பு முழுவதும் தலைகீழாக, கடுகு கடுகாக அதற்குள் தெரிந்தது. எங்களைப் பிறை வடிவில் நிற்கவைத்தார். நான் வலது கோடி.

படம் வந்த அன்று நான் வீட்டுக்கு வந்து மெஷினுக்கு அடியில் புகுந்துகொண்டு அழுதேன். என்னோடு ஒரே உயரம், ஒரே எடையில் இருந்த தோழி நடுவில் கொடி போல நிற்கிறாள். நான் கோடியில் பூசணிக்காய் போல நிற்கிறேன். வகுப்பில் அந்தப் பெயரே எனக்கு நிலைத்துவிட்டது. அப்பா படத்தை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "போட்டோ பொய் சொல்லுமா கண்ணு? நெய் ஊத்தி அம்மா சுடற இனிப்பு ஒப்புட்டு அப்படி" என்றார். விளையாட்டுக்குத்தான் சொன்னார்.

தீபாவளி கழிந்து ஒரு வாரம் இருக்கும். காலையில் பெண்களை ஏற்றிக்கொண்டு வரும் வழியில், தென்னந்தோப்பை ஒட்டிய ஒரு வளைவில், அப்பாவின் பஸ் ஒரு பால்காரரின் சைக்கிளில் இடித்துவிட்டது. ரோட்டோரத்துக் குழியில் மழைத் தண்ணீர் தேங்கியிருந்தது. அதற்கு ஒதுங்கி அவர் நடுரோட்டுக்கு வந்திருந்தார். அப்பா பிரேக்கை மிதித்துத் திருப்பியும் ஹேண்டில்பாரில் பட்டுவிட்டது. அவருக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. அப்பா பெண்களை அங்கேயே இறக்கிவிட்டு, அவரைத் தூக்கி பஸ்ஸிலேயே படுக்கவைத்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

பஸ் போன கொஞ்ச நேரத்தில், எங்கோ கல்யாண வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஸ்டுடியோக்காரர் அந்த வழியாக ஸ்கூட்டரில் வந்திருக்கிறார். கூடியிருந்தவர்கள் சொன்னதால், கீழே கிடந்த சைக்கிளையும் பால் கேனையும் ஒரு படம் எடுத்தார். அன்று சாயங்காலம் கொட்டிய மழையில் ரோட்டில் இருந்த டயர்த் தடம், சிந்திய பால் எல்லாம் கழுவிக்கொண்டு போய்விட்டன. சைக்கிளையும் யாரோ எடுத்துப்போய்விட்டார்கள். மிஞ்சியது அந்தப் படம் ஒன்றுதான்.

அந்தப் படத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முன்னால் சைக்கிள் பெரிதாகக் கிடக்கிறது. அதற்குப் பின்னால் ரோடு நீண்டு, நீண்டு, கடைசியில் வளைவும் அங்கே நட்டிருந்த மைல்கல்லும் சுண்டுவிரல் நகத்தளவு தெரிகின்றன.

மில் மேனேஜர் அதைப் பார்த்து முடிவுக்கு வந்துவிட்டார். வளைவு திரும்பியதும் இருபது எட்டு வைக்கும் தூரத்துக்குள் ஆள் நின்றார், பிரேக் பிடிக்க நேரமில்லை என்பது அப்பாவின் பேச்சு. "இந்தப் படத்துல பாரு. அம்பது எட்டுக்குக் குறையாது. வளைவைத் தாண்டி, தோப்புக்குத் தண்ணி எறைக்கற மோட்டார் ரூம் பக்கத்துல நடந்திருக்கு. அவ்வளவு தூரத்துல வர்ற ஆளு தெரியலைன்னா நீ தூங்கிட்டு ஓட்டியிருக்கே" என்றார் மேனேஜர். ஸ்டுடியோக்காரரையும் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். அவர் தன் படத்தைத் தானே ஒருமுறை பார்த்துவிட்டு, "தூரமாத்தான் இருந்துச்சுங்க" என்று சொல்லிவிட்டார். பால்காரருக்கு எந்த இடம் என்று நினைவில்லை.

பஸ்ஸில் முப்பது பெண்கள் இருந்தார்கள். அதில் நாலைந்து பேர் ஆபீசுக்குப் போய், மைல்கல்லுக்குப் பக்கத்தில்தான் நடந்தது, டிரைவர் விழித்துத்தான் இருந்தார் என்று சொல்லியிருக்கிறார்கள். "டிரைவருக்கு வேண்டி வந்திருக்கீங்க, போங்க" என்று அனுப்பிவிட்டார்கள். இன்று நினைத்தால் திகைப்பாக இருக்கிறது. முப்பது பேரின் அறுபது கண்கள் ஒரு கண்ணாடிக் கண்ணுக்கு முன்னால் எடுபடவில்லை.

அடுத்த சனிக்கிழமை விசாரணை. தூங்கியதாக ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தால் வேலையைவிட்டு அனுப்புவதோடு முடியும், இல்லையென்றால் போலீசுக்கு எழுதுவோம் என்று சொல்லியிருந்தார்கள்.

எனக்கு அந்த நாட்களில் பயமூட்டியது வேலை போவதல்ல. அப்பா மாறியதுதான். மில்லில் கொடுத்த படத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, எடுத்து எடுத்துப் பார்ப்பார். கண்ணை மூடுவார், திறப்பார், மறுபடி மூடுவார். ஒருநாள் சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்தவர், "தூங்கித்தான் போயிருப்பேனாட்ட இருக்குது" என்றார்.

அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். "என்ன பேச்சுங்க இது? நீங்கதானுங்க இருபது எட்டுன்னு சொன்னீங்க?"

"சொன்னேன். எனக்கு அப்படித்தான் ஞாபகம். ஆனா போட்டோ வேற சொல்லுதே. எம்பட ஞாபகம் பொய்யா இருந்தா? ஒரு மனுசன் காலை ஒடிச்சுப்போட்டு, கண்ணு முழிச்சுத்தான் ஓட்டுனேன்னு சாதிக்கறதுக்கு எனக்கு வாய் வரலே. எழுதிக் கொடுத்துப்போடறேன்."

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நான் ஒரு காரியம் செய்தேன். ஸ்டுடியோ வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் மாட்டியிருந்த படங்களைப் பார்த்தேன். கைநிறையச் சாணியை அள்ளி அந்தக் கண்ணாடி மேல் அடித்துவிட்டு ஓடிவந்துவிட்டேன். என்னைப் பூசணியாக்கியவர், இப்போது அப்பாவையும் தூங்குமூஞ்சியாக்கிவிட்டார் என்ற கோபம்.

விசாரணைக்கு இரண்டு நாள் இருந்தது. வியாழக்கிழமை மத்தியானம், மழை மூட்டம். பள்ளிக்கூடத்துக்கு வாரக் கடைசி வரை மழை விடுமுறை. அம்மா மெஷின் முன் வெளிச்சத்துக்காக ஜன்னலோரம் உட்கார்ந்து அப்பாவின் சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தார். பையிலிருந்த படம் கீழே விழுந்தது. எடுத்தவர் வெகுநேரம் அதையே பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"கண்ணு, இங்க வா. இந்தப் பால் கேனைப் பாரு. கேன் இப்படியா இருக்கும்? தவலையாட்டப் பெருத்துக் கிடக்குது."

படத்தின் வலது கோடியில் கேன் கிடந்தது. அம்மா சுவரில் மாட்டியிருந்த குரூப் போட்டோவைக் கழற்றினார். என் ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து ஸ்கேலை எடுத்து, நடுவில் நின்ற தோழியின் தோள் மேல் வைத்தார். பதினாறு கோடு. என் தோள் மேல் வைத்தார். இருபத்து மூன்று கோடு.

"ரெண்டு பேத்துக்கும் நாந்தான் தைச்சேன். ரெண்டு பேத்துக்கும் தோளு பதினொண்ணுதான்" என்றார். "ரெண்டு படமும் ஒரே லென்ஸு. இந்த ஆளு கிட்ட இருக்கறது அளவு தப்பின டேப்பு."

என்னையும் இழுத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்கு நடந்தார். கண்ணாடிப் பெட்டியைக் கழுவியிருந்தார்கள். மூலையில் கொஞ்சம் பச்சை ஒட்டியிருந்தது. ஸ்டுடியோக்காரர் என்னைப் பார்த்த பார்வையிலேயே அவருக்குத் தெரியும் என்று புரிந்தது. ஆனால் ஸ்டூலை அம்மா பக்கம் நகர்த்திப் போட்டார். அம்மா இரண்டு படங்களையும் அவர் மேஜை மேல் வைத்து அளந்து காட்டினார்.

"ஓரத்துல கொஞ்சம் இழுக்குமுங்க அம்மணி. வைட் லென்ஸுன்னா அது சகஜம்" என்றார்.

"ஓரத்துல இழுக்கறது, தூரத்துல இழுக்காதுங்களாண்ணா?"

அவர் விபத்துப் படத்தைக் கையில் எடுத்து, ஜன்னல் பக்கம் போய்த் திரும்பி நின்றுகொண்டார். "நானே பக்கத்துல நின்னுதான் எடுத்தேன்" என்றார், தனக்குத்தானே பேசுவது போல. "பொறத்தால வாய்க்கால். நகர எடமில்லே. சைக்கிள்ல கால் தட்டற மாதிரி நின்னேன்." திரும்பியபோது முகம் வெளிறியிருந்தது. "மேனேஜர்கிட்ட நான் வேற தூரம்னு சொல்லிப்போட்டேனே."

பிற்பாடு இயற்பியல் படித்து, முப்பது வருடம் பெண்பிள்ளைகளுக்குப் பாடமும் நடத்திய பிறகு எனக்கு அந்த லென்ஸின் மேல் கோபம் போய்விட்டது. அது செய்துகொண்டிருந்தது கடினமான வேலை. அந்தக் காலத்து நல்ல கேமராவுக்குள் படம் எடுக்கும்போது மேலே எழும் கண்ணாடி ஒன்று இருக்கும்; அதில் இடிக்காமல் லென்ஸ் தள்ளி நிற்க வேண்டும். ஆனால் அகலமாகப் பார்க்கிற லென்ஸ் ஃபிலிமுக்குக் கிட்டத்தில் இருந்தாக வேண்டும். இரண்டும் ஒத்துவராது. அதற்காக, டெலஸ்கோப்பைத் திருப்பிப் பிடித்த மாதிரி, முன்னால் ஒளியை விரிக்கிற கண்ணாடியைப் போட்டு, பின்னால் அதைச் சேர்க்கிற கண்ணாடிகளை வைத்து அடுக்கினார்கள். அந்த மாட்டுக்கண் அதனால் வந்தது. இன்னொன்று: சுவரும் தூணும் படத்தில் வளையாமல் நேராக விழ வேண்டுமானால், ஓரத்தில் நிற்கிற உருண்டையான பொருள்கள் இழுபட்டே ஆக வேண்டும். மதில் நேராக விழுந்ததற்கு விலையாகத்தான் நான் பருத்தேன். தூரத்து விஷயத்தில் லென்ஸின் குற்றம்கூட இல்லை. அது ஒருவரைக் கிட்டத்தில் போய் நிற்கவைக்கும். கிட்டத்தில் நின்று பார்த்தால் முன்னால் இருப்பது மலையாகும், பின்னால் இருப்பது கடுகாகும்.

வெள்ளிக்கிழமை காலை ஸ்டுடியோக்காரர் ஸ்கூட்டரில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கழுத்தில் கேமரா, பையில் இரண்டு லென்ஸ். அப்பா வர மறுத்தார். "அங்க போய் நின்னு என்னத்தைப் பாக்கறது?" என்றார். அம்மா அப்பாவின் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தெருவில் இறங்கினார். அவருக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. அந்த வளைவு எத்தனை மைல் என்று அப்பாவுக்குத் தெரியும். செருப்பை மாட்டிக்கொண்டு வந்து சைக்கிளை வாங்கிக்கொண்டார். அம்மாவும் நானும் டவுன் பஸ்ஸில் போனோம்.

மழை விட்டிருந்தது. மேற்கே மலை கழுவி வைத்தது போல இருந்தது. அப்பா சைக்கிளை எங்களிடம் கொடுத்துவிட்டுத் தள்ளிப்போய் வாய்க்கால் கரையில் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

ஸ்டுடியோக்காரர் முதலில் மேனேஜர் சொன்ன இடத்தில், மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில், சைக்கிளைப் படுக்கவைத்தார். ஒரு கையில் பழைய படம், ஒரு கையில் கேமரா. மண்டியிட்டுப் பார்த்தார்.

"மைல்கல்லு அரிசியாட்டத் தெரியுது. இங்க இல்லீங்க. அக்கட்டால போங்க."

அம்மாவும் நானும் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு வளைவை நோக்கிப் போனோம். போட்டோம். அவர் பார்த்தார். "இன்னும்." தூக்கினோம், போட்டோம். "இன்னுஞ் செத்த." என் கை சிவந்துவிட்டது. அம்மாவின் சேலை முழுவதும் சேறு. ஆறாவதோ ஏழாவதோ தடவை, அவர் படத்தையும் கேமராவையும் மாறி மாறிப் பார்த்து, பார்த்து, கையை உயர்த்தினார். சுண்டுவிரல் நகம் அளவுக்குச் சரியாக வந்துவிட்டது.

அம்மா அங்கிருந்து மைல்கல்லுக்கு எட்டு வைத்து நடந்தார். வாய்விட்டு எண்ணினார். பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது. இருபதாவது எட்டில் கை கல்லின் மேல் பட்டது.

அப்போதுதான் அப்பா எழுந்து நிற்பதைப் பார்த்தேன். மெதுவாக வந்தார். கிடந்த சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்று, வளைவைப் பார்த்தார், குழியைப் பார்த்தார்.

"இங்கதான்" என்றார். "நான் பிரேக்கை மிதிச்சது இங்கதான். அவரு அந்தக் குழிக்கு ஒதுங்குனாரு. நான் பாத்தனுங்க. நான் முழிச்சுத்தான் இருந்தேன்."

ரோட்டிலேயே உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்தது அன்று ஒருமுறைதான். அம்மா பக்கத்தில் உட்காரவில்லை, ஆறுதல் சொல்லவில்லை. வண்டி ஏதும் வந்தால் நிறுத்துவதற்காக வளைவில் போய் நின்றுகொண்டார்.

ஸ்டுடியோக்காரர் தலையைத் திருப்பிக்கொண்டு தன் வேலையைப் பார்த்தார். சைக்கிளை அசைக்காமல், கிட்ட நின்று அகல லென்ஸில் ஒரு படம். பிறகு லென்ஸை மாற்றி, வாய்க்காலில் இறங்கி, முழங்கால் தண்ணீரில் பின்னால் போய், சைக்கிள் அதே அளவு தெரியும்படி சாதா லென்ஸில் ஒரு படம். சஃபாரி பேண்ட் தொடைவரை நனைந்துவிட்டது.

விசாரணை நடந்த அறைக்குள் நான் இல்லை. அப்பா சொல்லித்தான் தெரியும். மேஜை மேல் இரண்டு படங்களும் வைக்கப்பட்டன. ஒன்றில் மைல்கல் சுண்டுவிரல் நகம், இன்னொன்றில் கட்டைவிரல் நகம். மேனேஜர் இரண்டும் வேறு வேறு இடம் என்றார்.

"ரெண்டும் ஒரே எடமுங்க" என்றிருக்கிறார் ஸ்டுடியோக்காரர். "சைக்கிளும் அசையலே, கல்லும் அசையலே. நாந்தான் நகந்தேன். அன்னைக்கு உங்ககிட்டத் தூரம்னு சொன்னது எம்பட தப்புங்க. ரோட்டை ஞாபகம் வெக்காம, படத்தைப் பாத்துச் சொல்லிப்போட்டேன்."

மேனேஜர் நம்பாமல் கேமராவை வாங்கி, ஆபீஸ் வராந்தாவில் வரிசையாக நின்ற தூண்களைத் தானே ஒவ்வொரு லென்ஸிலும் பார்த்தாராம். அகல லென்ஸில் கடைசித் தூண் வேறு ஊரில் நிற்பது போலத் தெரிந்திருக்கிறது. கேமராவை இறக்கி, நேரே கண்ணால் பார்த்தார். மறுபடி கேமராவில் பார்த்தார். உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு, "திங்கக்கெழமையில இருந்து வண்டியை எடு" என்று மட்டும் சொன்னார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. ஆனால் அந்த வார்த்தையைச் சொல்லும்போது எழுந்து நின்றிருந்தாராம். அப்பா கடைசிவரை அதைச் சொல்லுவார்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் அம்மாவும் பெரியாஸ்பத்திரிக்குப் போய்ப் பால்காரரைப் பார்த்தார்கள். கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு, "குழியைப் பாத்தேன், பஸ்ஸைப் பாக்கலீங்க" என்று சிரித்தாராம். காலைவிட அவருக்குக் கவலை, இரண்டு மாதம் பாலை யார் கொண்டுபோய் ஊற்றுவது என்பதுதான். அவர் மனைவிக்குச் சைக்கிள் வராது.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு நான் அப்பாவோடு பஸ்ஸில் போனேன். பெண்கள் ஒவ்வொருவராக ஏறினார்கள். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்த ஒரு அக்கா, "நாங்க அன்னைக்கே சொன்னமுங்கண்ணா, கல்லுக்கிட்டத்தான்னு" என்றார்.

அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, "சொன்னீங்க அம்மணி. நானே கேக்கலே" என்றார்.

வளைவுக்கு முன்னால் நீளமாக ஹாரன் அடித்து, நடக்கிற வேகத்தில் திருப்பினார். இருபது எட்டில் பால்காரரின் மனைவி நின்றிருந்தார். காலடியில் இரண்டு கேன். அப்பா வண்டியை நிறுத்தினார். மில் வண்டியில் வேறு சாமான் ஏற்றக் கூடாது என்பது சட்டம். பின்னால் இருந்து நாலைந்து கைகள் நீண்டு கேன்களை வாங்கின. அந்த அம்மா ஏறி, எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். தைப்பொங்கல் வரைக்கும் வடவள்ளிக்குப் பால் மில் பஸ்ஸில்தான் வந்தது.